மூடும் முன் ஒரு மருந்து, மூடிய பின் வேறு மருந்து

காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லோருக்கும் தெரியும். தழும்புக்கும் கட்டு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புண் ஆறி, தோல் மூடி, மருத்துவமனையில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். புடைத்த தழும்பின் வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. 2021 டிசம்பர் 18 அன்று செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் என்றது. உயிரைக் காக்க அந்த 48 மணி நேரம்தான் கணக்கு. தழும்பு உருவாக எடுத்துக்கொள்ளும் காலமோ ஏறக்குறைய 48 வாரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சறுக்கி விழுந்து முழங்கை தேய்ந்தவர், சைலன்சர் சூடு பட்டவர், மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் கிரைண்டர் தெறித்துக் கை கிழிந்தவர், வெந்நீர்ப் பானை கவிழ்ந்த குழந்தை என்று யாராக இருந்தாலும், இந்த 48 வாரத்தைக் கவனிப்பது அவரும் அவர் வீட்டாரும்தான். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது.

மருந்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகத் தோலுக்கு விடுகிற கட்டு, புதுமையான பொருள் போலத் தோன்றலாம். நம் மருந்துக்கடைகளில் பல ஆண்டுகளாகக் கிடைக்கும் சோஃப்ரா டுல்லே, ஃப்ராமைசெட்டின் என்ற ஆன்டிபயாடிக்கை மெழுகுத் துணியில் ஏற்றி வைத்தது. அதுவும் மருந்து கசியும் கட்டுதான். வெள்ளி கசியும் கட்டு, மருந்தேற்றிய கொலாஜன் படலம், ஸ்டீராய்டு தடவிய ஒட்டுப்பட்டை, கரையும் நுண்ணூசிப் பட்டை எல்லாம் இந்தக் குடும்பமே. ஆனால் ஒரே குடும்பம் என்பதால் ஒரே குணம் என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது. இவற்றில் ஒரு பாதி, புண் மூடுவதற்காகத் தோலை வளரச் சொல்கிறது. மறு பாதி, மூடிய பிறகு வளர்ந்தது போதும் என்கிறது. மூடாத புண்ணில் ஸ்டீராய்டு பட்டை ஒட்டினால் புண் ஆறுவது தள்ளிப்போகும். மூடிவிட்ட தழும்பின் மேல் வெள்ளிக் கட்டு போடுவது வீண் செலவு. ஆகவே எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இன்றைக்குப் புண்ணுக்கு எத்தனையாவது நாள், தோல் மூடிவிட்டதா என்று கேட்க வேண்டும். புடைத்த தழும்பைத் தடுப்பதில் மருந்தின் பெயரைவிட நாள்காட்டிக்கே வலிமை அதிகம் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சிகளும் உண்டு, மறுப்புகளும் உண்டு.

முதலில் தழும்பு என்பது என்ன? தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளை ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது அது. அந்த முப்புரி வடிவத்தை 1954இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் ஆராய்ந்த கங்காரு வால் தசைநாண், அடையாற்றில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. தோல் கிழிந்ததும் உடல் அவசரம் அவசரமாக இந்தக் கயிற்றைத் திரித்து ஓட்டையை அடைக்கிறது. நல்ல தோலில் கயிறுகள் கூடை முடைந்தது போல குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். தழும்பில் ஒரே பக்கமாக அடுக்கிக் கிடக்கும். அடைத்து முடிந்ததும் கயிறு திரிக்கும் செல்கள் கலைந்து போக வேண்டும். புண்ணில் அழற்சி நீடித்தாலோ, தோல் ஓயாமல் இழுபட்டாலோ, 'இன்னும் திரி' என்று ஏவும் டி.ஜி.எஃப். பீட்டா போன்ற செய்திப் புரதங்கள் அடங்குவதில்லை; செல்களும் கலைவதில்லை. மேடு எழுவது அதனால்தான். அந்த மேடு பழைய காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்றால் அது புடைத்த தழும்பு: காயம்பட்ட ஒன்றிரண்டு மாதத்தில் எழும்பி, சில மாதம் தடித்து, ஓரிரு ஆண்டில் ஓரளவு தானே தணியக்கூடியது. எல்லையைத் தாண்டி நண்டுக் கால் போல நல்ல தோலுக்குள் நீண்டால் அது கீலாய்டு. சில சமயம் காயம் மறந்துபோன பிறகு வரும், தானாகத் தணியாது, குடும்பத்தில் தொடரும். கருத்த தோலில் இது அதிகம் என்பதால் நம் ஊருக்கு இது அயல்நாட்டுப் பாடப்புத்தகத்துச் சங்கதி அல்ல. நெஞ்சு, தோள்பட்டை, மேல்முதுகு, தாடை, காது மடல் ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள்.

இப்போது நாள் கணக்குக்கு வருவோம். 1983இல் அமெரிக்காவில் டீட்ச் என்ற அறுவை மருத்துவரும் அவர் குழுவினரும் 100 தீக்காய நோயாளிகளைப் பின்தொடர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டார்கள். 14 நாளிலிருந்து 21 நாளுக்குள் மூடிய காயங்களில் மூன்றில் ஒரு பங்கு புடைத்த தழும்பாயின. 21 நாளுக்கு மேல் இழுத்தவற்றில் 78 சதவீதம் புடைத்தன. தீக்காய வார்டுகளில் இன்றும் 'மூன்று வாரம்' என்ற பேச்சு அடிபடுவது இதனால்தான். இங்கே ஒரு மறுப்பு நியாயமாகவே எழும்: ஆழமான காயம்தானே ஆறத் தாமதமாகும், ஆழமான காயம்தானே தழும்பும் ஆகும், அப்படியென்றால் குற்றவாளி ஆழமே தவிர நாள் அல்லவே? உண்மையில் இரண்டையும் முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனால் இந்த மறுப்பு என் கட்சியை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. நடுத்தர ஆழமுள்ள காயம் சீழ் பிடித்தால் ஆழமான காயமாகிவிடும். அதைத் தடுக்க முதல் மூன்று வாரக் கட்டு உதவுகிறது. உள்ளபடியே ஆழமான காயத்தை எந்தக் கட்டாலும் மூன்று வாரத்தில் மூட முடியாது. அதற்குத் தோல் ஒட்டு அறுவை வேண்டும். ஆகவே 10ஆம் நாள் அளவில், இது 21ஆம் நாளுக்குள் மூடுமா என்று மருத்துவரிடம் நேரே கேட்டுவிடுங்கள். மூடாது என்றால் விலையுயர்ந்த கட்டு எதுவும் காத்திருப்பதற்குச் சாக்காகக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கேள்வியை இன்னும் முன்னதாகவே கேட்க வேண்டும்.

'காத்தாட விட்டாத்தான் புண் ஆறும்' என்பது நம் வீடுகளில் தலைமுறையாக நிற்கும் நம்பிக்கை. 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றித் தோலில் செய்த சோதனை அதைக் கவிழ்த்தது: ஈரம் காக்க மூடிவைத்த காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது. காரணம் எளிது. காற்றில் காய்ந்தால் பொருக்குக் கட்டும்; புதுத் தோல் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டும். ஈரமான பரப்பில் வழுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் நம்பிக்கைக்கும் ஓர் அடிப்படை இருந்திருக்கிறது. கடலோர வெக்கையில், வியர்வையிலும் அழுக்கிலும் நாள்கணக்கில் மாற்றாத துணிக்கட்டுக்குள் சீழ் வைக்கும். அதைப் பார்த்தவர்கள் காற்றே மேல் என்றார்கள். ஈரமும் வேண்டும், கிருமியும் கூடாது என்ற இந்த இழுபறிக்கு விடையாகத்தான் மருந்து கசியும் கட்டு வந்தது. மருந்துக்கடையில் கொடுக்கும் வெள்ளைக் களிம்பு, சில்வர் சல்ஃபாடயஸின், 1960களின் இறுதியில் வந்த நல்ல மருந்து. ஆனால் அது சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும், தினமும் கழுவி மீண்டும் பூச வேண்டும், கழுவும்போது புதிதாக வந்த தோலும் சேர்ந்து உரியும். புதுவகைக் கட்டுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் அது பலமுறை பின்தங்கியிருக்கிறது. வெள்ளியை மூன்று நாளோ ஏழு நாளோ மெல்லக் கசியவிடும் கட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் வெள்ளி கிருமியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை, புதுத் தோல் செல்லையும் கொஞ்சம் தடுக்கும். ஆகவே அழுக்கு ஏறிய காயத்துக்கும் கிருமி தொற்றிய காயத்துக்கும் முதல் ஒன்றிரண்டு வாரம் அது சரி. காயம் சுத்தமாகச் சிவந்து நின்ற பிறகு வெறும் ஈரம் காக்கும் கட்டோ கொலாஜன் படலமோ போதும்.

விலையைப் பற்றிய மறுப்பு இங்கேதான் வரும், வர வேண்டும். ஒரு வெள்ளிக் கட்டின் விலையில் பல நாளைக்குக் களிம்பு வாங்கிவிடலாம். ஆனால் கணக்கைக் களிம்புக் குழாயோடு நிறுத்தாதீர்கள். மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டிலிருந்து ஒருவர் கட்டு மாற்றச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு வழிக்கே 30 கிலோமீட்டருக்கு மேல். அன்றைய தொழில் போச்சு, கூட ஒருவர் வந்தால் அவர் கூலியும் போச்சு. தினமும் மாற்றும் கட்டுக்கு மூன்று வாரத்தில் 21 பயணம். மூன்று நாளைக்கு ஒருமுறை என்றால் 7. வாரம் ஒருமுறை என்றால் 3. உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பவருக்கு இந்தக் கணக்கு மாறும். சிறிய காயத்துக்கும் மாறும். உள்ளங்கை அளவுக்குக் குறைவான, மேலோட்டமான, சுத்தமான சிராய்ப்புக்கு மெழுகுத் துணியே போதும். விலையுயர்ந்த கட்டு வாங்குவது கை, முகம், கழுத்து, மூட்டு ஆகிய இடங்களில் நடுத்தர ஆழக் காயம் உள்ளவருக்கு. (தீக்காயம் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். பற்பசை, மை, காபித்தூள் எதுவும் வேண்டாம்.)

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் தமிழில் புண்ணைப் பற்றி எழுத முடியாது. 1995இல் அமெரிக்கா, மஞ்சளால் காயம் ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்து மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமையைக் கொடுத்தது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய சான்றுகளைக் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்து செய்யவைத்தது. அந்த வெற்றியைப் பேசுகிற அளவுக்கு, அதே மன்றத்தின் அடையாறு நிலையத்தில் அதன் பிறகு நடந்ததை யாரும் பேசுவதில்லை. மஞ்சளின் குர்குமினைக் கொலாஜன் படலத்துக்குள் ஏற்றி, எலிகளின் காயத்தில் வைத்து, ஆறும் வேகம் கூடுவதை 2004இல் அங்குள்ள ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம்மூர்ப் பொருள், நம்மூர் ஆய்வு, மருந்து கசியும் கட்டு: பெருமைப்பட எல்லாம் இருக்கிறது. ஆனால் இதை வைத்துப் புண்ணில் அம்மியில் அரைத்த மஞ்சளை அப்பலாம் என்று ஆகாது. சமையல் மஞ்சள் கிருமி நீக்கியதல்ல, அதில் குர்குமினும் சொற்பம். இன்னொன்று, எலியின் தோலுக்கு அடியில் ஒரு தசைப் படலம் உண்டு. அதன் காயம் பெரும்பாலும் சுருங்கி மூடுகிறது. மனிதக் காயமோ பெரிதும் புதுத் தோல் பரவித்தான் மூடுகிறது. எலிக்குக் கீலாய்டு வருவதே இல்லை. எனவே எலி ஆய்வு, புண் சீக்கிரம் மூடலாம் என்பதற்கு ஒரு குறிப்பு. தழும்பு புடைக்காது என்பதற்குச் சான்று இல்லை. செய்தித்தாளில் 'தழும்பே இல்லாமல் ஆற்றும் புதிய பட்டை' என்று படிக்கும்போதெல்லாம், எந்தத் தோலில் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்று கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1968 முதல், அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், இரண்டரை இலட்சம் பேருக்கு மேல் பி.சி.ஜி. ஊசியோ வெற்று ஊசியோ போட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. அந்தக் கண்டிப்பான அளவுகோலைத் தழும்புக் கட்டுகளிடம் நீட்டினால் என்ன ஆகும்? மூடிய தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் பட்டையை எடுத்துக்கொள்வோம். 1983இல் ஆஸ்திரேலியாவிலிருந்து முதல் அறிக்கை வந்தது. 2013இல் காக்ரேன் குழு 873 பேர் பங்கேற்ற 20 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பலன் இருப்பதாகத் தெரிகிறது, ஆனால் சோதனைகளின் தரம் மோசம் என்றது. அப்படியிருக்க ஏன் பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்கலாம். என் பதில்: சான்று பலவீனமானது என்பதும் பலன் இல்லை என்பதும் ஒன்றல்ல. செங்கற்பட்டு சோதனையில் சரியாக நடத்திப் பார்த்துப் பலன் இல்லை என்று தெரிந்தது. சிலிக்கோனில் சரியாக நடத்திப் பார்க்கவே இல்லை. தீங்கு வியர்க்குருவோடு நிற்கிற ஒன்றுக்குப் பலவீனமான சான்றும் போதும். தோலை மெலியவைக்கும் மருந்துக்கு அது போதாது. எவ்வளவு தீங்கு செய்யக்கூடியதோ அவ்வளவு சான்று கேளுங்கள்.

சிலிக்கோன் பட்டையில் மருந்து எதுவும் இல்லை. தழும்பிலிருந்து நீர் ஆவியாவதைத் தடுத்து அதை ஈரமாக வைப்பதே அதன் வேலை என்று கருதப்படுகிறது. ஆயினும் மருந்துப் பட்டைகளுக்கு முன்னால் அதைச் சொல்லக் காரணம், பெரும்பாலோருக்கு அதோடு நின்றுவிடலாம் என்பதே. தோல் முழுவதும் மூடி, தையல் பிரித்து, கசிவு நின்ற பிறகு ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. புத்தகத்தில் எழுதிவிடலாம், அக்னி நட்சத்திரத்தில் கல்பாக்கத்திலோ கோவளத்திலோ அதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. முதல் வாரம் 4 மணி நேரத்தில் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள். தினமும் பட்டையையும் தோலையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து ஒட்டுங்கள். அந்த 12 மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை: கல் தூசியில் வேலை செய்பவர் இரவில் ஒட்டலாம், விடியுமுன் படகேறுபவர் கரை திரும்பிக் குளித்த பிறகு ஒட்டலாம். உப்புநீரும் மணலும் பட்டைக்கு அடியில் புகுந்தால் அதுவே புது எரிச்சல். முகத்துக்கும் மடங்கும் மூட்டுக்கும் குழாயில் வரும் சிலிக்கோன் ஜெல் வசதி. காசே செலவழிக்க முடியாதவருக்கு மருந்துக்கடைக் காகித டேப் இருக்கிறது: 2005இல் பிரிஸ்பேனில் சிசேரியன் செய்துகொண்ட 70 பெண்களைக் கொண்டு நடத்திய சோதனையில், 12 வாரம் காகித டேப் ஒட்டியவர்களிடம் தழும்பு புடைப்பது தெளிவாகக் குறைந்தது. தோல் இழுபடாமல் பிடித்துக்கொள்வதே அதன் வித்தை. தழும்புக்குக் குறுக்காக, தோலை லேசாகச் சேர்த்துப் பிடித்து ஒட்ட வேண்டும். தானாக உரியும்வரை விட்டுவிடலாம்.

இவ்வளவுக்கும் அடங்காமல் சிவந்து, தடித்து, அரிக்கிற தழும்புக்குத்தான் ஸ்டீராய்டு கசியும் ஒட்டுப்பட்டை. ஜப்பானில் இது வெகு சாதாரணம். தோக்கியோவின் நிப்பான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ரெய் ஒகாவா, டெப்ரோடோன் பட்டையைக் கீலாய்டுக்கும் புடைத்த தழும்புக்கும் முதல் சிகிச்சையாகவே பரிந்துரைக்கிறார். பிரிட்டனில் ஃப்ளூட்ராக்ஸிகார்டைடு டேப் உண்டு: சதுர சென்டிமீட்டருக்கு 4 மைக்ரோகிராம் மருந்து. ஊசி வலி இல்லை, வீட்டிலேயே மாற்றலாம், குழந்தைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் தழும்பின் அளவுக்கே கத்தரித்து ஒட்ட வேண்டும். பக்கத்து நல்ல தோலில் ஏறினால் அது மெலிந்து, பளபளத்து, சிவப்பு நூல் போல ரத்தக் குழாய் தெரியும், வெளுத்தும் போகும். கருத்த தோலில் வெளுப்பு சின்ன விஷயமல்ல. செங்கல்பட்டுத் திருமணியில் 1955 முதல் மத்தியத் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெளிறிய ஒரு திட்டைக் கண்டாலே பேச்சு எங்கே போகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். நம் ஊர் மருந்துக்கடைகளில் இந்தப் பட்டைகள் எளிதில் கிடைப்பதில்லை என்பதால், சில தோல் மருத்துவர்கள் ஸ்டீராய்டு களிம்பைத் தழும்பில் மட்டும் தடவி மேலே சிலிக்கோன் பட்டையை ஒட்டச் சொல்வதுண்டு. மூடியிருப்பதால் மருந்து பல மடங்கு ஏறும். அதனாலேயே இது கடைக்காரரிடம் கேட்டுச் செய்கிற வேலை இல்லை. 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சொன்னதற்குக் காரணம், நம் முகங்களில் அவை ஏற்கெனவே செய்திருந்த வேலை.

அவ்வளவு பயம் என்றால் ஊசியே போட்டுவிடலாமே, அல்லது வெட்டி எடுத்துவிடலாமே என்பார்கள். ட்ரையாம்சினோலோன் ஊசி, மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம், நாலாறு வாரத்துக்கு ஒருமுறை, தழும்புக்குள்ளேயே செலுத்துவது. பல நேரம் 5-ஃப்ளூரோயுராசிலும் சேர்ப்பார்கள்; கர்ப்பிணிக்கு அது கூடாது. தடித்த கீலாய்டுக்கு இதன் வேகம் பட்டைக்கு வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊசிக்கும் ஊசிக்கும் நடுவில் தழும்பைப் பிடித்து வைக்கவும், ஊசி முடிந்த பின் மீண்டும் எழாமல் காக்கவும் பட்டை வேண்டியிருக்கிறது. வெட்டுவது வேறு கதை. கீலாய்டை வெட்டி எடுத்துச் சும்மா விட்டால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன, பல சமயம் முன்பைவிடப் பெரிதாக. வெட்டிய பின் ஊசியோ கதிர்வீச்சோ அழுத்தமோ தொடர வேண்டும். காது மடல் இதில் அதிர்ஷ்டமுள்ள இடம்: வெட்டிய பின் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் அழுத்தக் கம்மலை மாதக்கணக்கில் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் ஒருவருக்காவது கீலாய்டு இருந்தால், மாமன் மடியில் ஒருமுறை குத்தியதோடு நிறுத்திக்கொண்டு, மேல்காதுக் குருத்தெலும்பில் இரண்டாவது மூன்றாவது துளை போடும் ஆசையை விட்டுவிடுவது நல்லது.

ஆய்வுக்கூடங்களில் இன்னும் சூட்டிகையான கட்டுகள் தயாராகின்றன. ஹயலுரோனிக் அமிலத்தால் செய்த கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் தோலில் புகுந்து கரைந்து ட்ரையாம்சினோலோனை விடும் பட்டைகள் வந்துவிட்டன. சின்னச் சின்ன சோதனைகளில் தழும்பின் கனம் குறைந்திருக்கிறது. நுரையீரல் நார்மைக்குத் தரும் பிர்ஃபெனிடோனை ஜெல்லில் ஏற்றிப் பார்க்கிறார்கள். 2021இல் ஸ்டான்ஃபோர்டு குழு, கண் மருத்துவத்தில் இருந்த வெர்ட்டெபோர்ஃபின் என்ற மருந்தைக் கொடுத்துச் சுண்டெலிக் காயம் தழும்பில்லாமல், முடியும் சுரப்பியும் முளைத்து ஆறியதைக் காட்டியது. சுண்டெலி என்பதைக் கவனியுங்கள். பிரேசிலின் ஃபோர்டலெஸாவில் தீக்காயத்தின் மேல் ஜிலேபி கெண்டையின் தோலைச் சுத்திகரித்து ஒட்டுகிறார்கள். மனிதர்களிடம் சோதித்து, கட்டு மாற்றும் வலியும் தடவையும் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். நம் ஏரிகளில் மலிந்து கிடக்கிற மீன்தான். இவற்றுக்காகக் காத்திருக்கலாமா என்றால், புதிய தழும்புக்குக் காத்திருக்க நேரமில்லை. சிவந்து வளரும் தழும்பு மருந்துக்கு வளைந்து கொடுக்கும். வெளுத்து இறுகிப்போன பழைய தழும்பு கொடுக்காது. பத்து ஆண்டுக்கு முந்தைய தட்டையான தழும்பு உள்ளவர் வேண்டுமானால் நிதானமாகக் காத்திருக்கட்டும்.

ஆகவே வீட்டுக் காலண்டரில் காயம்பட்ட நாளைக் குறித்துவையுங்கள். 10ஆம் நாள் ஒரு வட்டம்: மூன்று வாரத்தில் மூடுமா என்ற கேள்விக்கு. தோல் மூடிய நாளில் இன்னொரு வட்டம்: அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் டேப் அல்லது சிலிக்கோன் தொடங்க. அதன் பிறகு மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம். நாணயத்தோடு ஒப்பிடும்போது தழும்பு அகலமாகிவருவது தெரிந்தாலோ, தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு வந்தாலோ, விரலோ கழுத்தோ முழுதாக நீட்ட முடியாமல் இழுத்தாலோ, அடுத்த மாதப் படத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மூட்டு இழுப்புக்குப் பட்டை எதுவும் பயன்படாது. அதற்குத் தினசரிப் பயிற்சியும் இரவில் கட்டும் பலகையும் தேவை, தாமதித்தால் அறுவை. மாறாக, தழும்பு தட்டையாகி, நிறம் மங்கி, அழுத்தினால் பக்கத்துத் தோல் போலவே அமுங்கி, இரண்டு மாதப் படங்களில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் சிலிக்கோனை நிறுத்திவிடலாம். ஸ்டீராய்டு பட்டையை மட்டும் ஒரேயடியாக நிறுத்தாமல், மருத்துவர் சொற்படி ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு நாள் என்று இறக்கிக்கொண்டு வந்து, நிறுத்திய பின்னும் மூன்று மாதம் படம் எடுத்துக்கொண்டிருங்கள்.